கடுக்காமலைக் காவேரிக்கு ஒரு காட்சி

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்த சிவரஞ்சனிக்கு ஜாக்கெட் தைப்பது தொழில். சீரியல் பார்ப்பது அதைவிடப் பெரிய தொழில். தையல் மிஷினுக்கு நேர் எதிரே சுவரில் டிவி மாட்டியிருந்தாள். கால் அதுபாட்டுக்கு மிதிக்கும், கண் அதுபாட்டுக்குப் பார்க்கும். எப்போதாவது ஜாக்கெட்டின் ஒரு கை மற்ற கையைவிட விரற்கடை நீண்டுவிடும். "அன்னைக்கு அந்தப் பொண்ணு மாடிப்படியில உருண்டுட்டாம்மா, அதான்" என்பாள். அதே காட்சியை வீட்டில் பார்த்துவிட்டு வந்திருக்கும் வாடிக்கைக்காரிகள் சண்டை போடாமல் பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு இந்த விஷயத்தில் ஒரே கூட்டாளி மாமியார் கொளஞ்சியம்மாள். டிவியில் மாமியார்கள் மருமகளின் பாலில் எதையாவது கலந்துகொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் ஒரே முறத்தில் வேர்க்கடலை உரித்தபடி, "இவளும் ஒரு பொம்பளையா?" என்று ஒரே குரலில் கேட்பார்கள். குடும்பம் சண்டையில்லாமல் ஓடியதற்கு சீரியல்தான் காரணம் என்று சிவரஞ்சனி உறுதியாக நம்பினாள். திட்டுவதற்கு வெளியாள் இருக்கும்போது வீட்டாளை யார் திட்டப்போகிறார்கள்?

வருஷக் கடைசியில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரு வீடியோ போடுவார்கள். இந்த வருஷம் மனசுக்குப் பிடித்த தொடர் எது, ஏமாற்றிய தொடர் எது என்று. சேனலுக்கு 'ரஞ்சனி ரிமோட்' என்று பெயர். பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள், மிச்சப்பேர் ஜாக்கெட் வாங்க வேண்டியவர்கள். அதனால் சிவரஞ்சனி யாருக்கும் பயப்படாமல் பேசுவாள். பயப்படும் அளவுக்கு யாரும் கேட்பதில்லை.

போன டிசம்பரில் அவளுடைய முதலிடம் 'எதிர்வூட்டு ஜன்னல்' என்ற தொடருக்குப் போனது. பேச்சு நின்றுபோன அக்காளும் தங்கையும் எதிரெதிர் வீட்டில் குடியிருக்கிற கதை. "மொத்த கதையில ஒருத்தரும் ஒருத்தர அறையல. ரெண்டு பேரும் கோலம் போட்டே பேசிக்கிறாங்க. இத எழுதுன கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்" என்றாள்.

ஏமாற்றிய தொடர் 'கடுக்காமலைக் காவேரி'. இதை எடுத்துக்கொண்டதும் அவளுக்குக் குரலே மாறிவிட்டது. காரணம் இருந்தது. கல்வராயன் மலையில் நடக்கிற கதை என்று விளம்பரம் வந்தபோது, தியாகதுருகத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் இருக்கிற உறவுமுறைக்கெல்லாம் கொளஞ்சியம்மாள் போன் போட்டுச் சொல்லியிருந்தார். தொடங்கியதும் பார்த்தால் காவேரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கடுக்காய் பொறுக்கப் போகிறாள். பின்னால் தேயிலைத் தோட்டம். கல்வராயன் மலையில் டீ குடிக்கலாம், தேயிலைத் தோட்டத்துக்கு எங்கே போவது? மலைக்காரர்கள் எல்லோரும் "ஏனுங்க, வாங்க்ணா" என்று கோயம்புத்தூர்ப் பேச்சு பேசுகிறார்கள்.

"இத எழுதுனவன் ஒரே ஒரு தடவ மலைக்குப் போற வெள்ளிமலை பஸ்ல ஏறி உக்காந்துருந்தாகூடப் போதும். இதுக்கு எழுதுன கைய ஒடைக்கணும்" என்றாள் சிவரஞ்சனி. அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் மாமியார் பலமாகத் தலையாட்டியதில் சூடு ஏறிவிட்டது. "நானே இதவிட நல்லா எழுதுவன். ஜாக்கெட் தைச்சிக்கினே எழுதுவன்!"

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, மேலே ஒரு தையல் மிஷின் சத்தத்தையும் சேர்த்துப் பரப்பிவிட்டார்கள். அவளுடைய சேனலுக்கே வராத ஊர்க்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். சிவரஞ்சனிக்குப் பெருமை தாங்கவில்லை. கேலி செய்கிறார்கள் என்பது அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம், தோளில் பையோடு ஒரு ஆள் கடைக்குள் வந்து நின்றார். முப்பத்தைந்து வயசிருக்கும். வீட்டுக்காரிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர் என்று நினைத்தாள்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?"

"அளவுதான் போன மாசமே எடுத்துட்டீங்களேக்கா, வீடியோவுல" என்றார் அவர். "நான் அன்புச்செல்வன். கடுக்காமலைக் காவேரிக்கு வசனம் எழுதறவன்."

சிவரஞ்சனியின் கால் மிதிப்பதை நிறுத்தியது. டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. திரையில் காவேரி வேறு பட்டுப்புடவையில் அழுதுகொண்டிருந்தாள்.

"உக்காருங்க தம்பி. டீ சொல்றன்."

"இருக்கட்டும்கா. நானும் இந்தப் பக்கந்தான், சின்னசேலம். வெள்ளிமலை பஸ்ல நின்னுக்கினே போயிருக்கேன், உக்காந்துதான் போனதில்ல. மொதல்ல நம்ம பேச்சுலதான் எழுதிக் குடுத்தேன். சேனல்ல புரியாதுன்னுட்டாங்க. கிராமம்னா கோயம்புத்தூர்ப் பேச்சுதான்னு அவங்களுக்கு ஒரு முடிவு. ஷூட்டிங்குக்கு அவங்களுக்குக் கெடச்ச எடம் தேயிலைத் தோட்டம்."

"அப்படீங்களா" என்றாள் சிவரஞ்சனி. வீடியோவில் இருந்த குரல் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒரு சந்தேகம் கேக்கத்தான் வந்தேன். எதிர்வூட்டு ஜன்னல் எழுதுன கைக்குக் காப்பு போடணும்னீங்க. காவேரி எழுதுன கைய ஒடைக்கணும்னீங்க." அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். "ரெண்டும் இதே கைதான். அதுல வேற பேர்ல எழுதுனேன். மொதல்ல இன்னா பண்ணப்போறீங்க?"

சிவரஞ்சனி அந்தக் கையைப் பார்த்தாள். பால்பாயிண்ட் மை ஒட்டின சாதாரணக் கை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது. "எப்படி தம்பி ஒரே ஆளு...?" என்று இழுத்தாள்.

"அதுக்கு ஆற அமர எழுத நேரம் குடுத்தாங்க. இதுக்கு நடிக்கிறவங்க பவுடர் போட்டுக்கினு இருக்கும்போது பேப்பர் போவுது" என்ற அன்புச்செல்வன், வந்த காரியத்துக்கு வந்தார். காவேரியும் பெற்ற தாயும் பல வருஷம் கழித்துச் சந்திக்கிற காட்சி அடுத்து எடுக்க வேண்டும். மூன்று நாளாக உட்கார்ந்தும் அவருக்கு ஓடவில்லை. "நீங்க எழுதுங்கக்கா. கிண்டலுக்குச் சொல்லல. நாளான்னைக்குக் காலைல குடுத்தாப் போதும். பன்னெண்டு நிமிஷம் வரணும். வூட்டு வாசலத் தாண்டக் கூடாது, உள்ள செட்டு இல்ல. அப்புறம் காவேரியோட அண்ணன் அங்க நிக்கணும், அவரு அன்னைக்கு கால்ஷீட்ல வர்றாரு. வசனம் வேணாம், நின்னாப் போதும்."

மறுத்திருக்கலாம். ஊரே கேட்கச் சவால் விட்ட வாய் மறுக்க விடவில்லை. "இதுல இன்னா இருக்குது, எழுதிட்டாப் போச்சு" என்றாள்.

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். அவளிடம் ஜாக்கெட் தைத்துக்கொள்ளும் சாமியம்மாள் மலையில் சாமை விதைக்கிற குடும்பம். தைத்த துணியைக் கையோடு கொடுத்த மாதிரியும் ஆகும், உண்மையான மலைப் பேச்சைக் கேட்ட மாதிரியும் ஆகும் என்று கணக்கு. வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் மனசுக்குள் வசனம் வந்து முட்டியது. அதோடு காலையில் சாப்பிட்ட இட்லியும் வந்து முட்டியதால், இறங்கும்போது இரண்டையும் அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

சாமியம்மாள் களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். சிவரஞ்சனி சுற்றி வளைக்காமல் கேட்டாள். "உங்க பொண்ணு ரொம்ப வருஷம் கழிச்சி திடீர்னு வந்து நிக்குதுன்னு வையுங்க. இன்னா கேப்பீங்க?"

"சாப்டியான்னு கேப்பன்."

"அப்புறம்?"

"சாப்டலன்னா சோறு போடுவன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இன்னா, கைய கழுவச் சொல்லுவன்." சாமியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்குக் கேக்குற?"

சிவரஞ்சனி விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "கடுக்காமலைக் காவேரியா! நாங்க ஒரு நாளும் வுடறதில்ல."

"அதுல எதுவுமே உங்க ஊரு மாதிரி இல்லியேம்மா. பட்டு கட்டிக்கினு யாராவது கடுக்கா பொறுக்குவாங்களா?"

"எங்க ஊரத்தான் நாங்க பொழுதுக்கும் பாக்குறமே. டிவிலயும் அதயே பாக்கணுமா? அந்தப் பொண்ணு எத்தினி பொடவ வச்சிருக்குது தெரியுமா? போன வாரம் ஊதா கலர்ல ஒண்ணு கட்டுச்சே, அந்த ஜாக்கெட்டு கை மாதிரி எனக்கு ஒண்ணு தைச்சிக் குடு." பிறகு கண்டிப்பான குரலில் சேர்த்தார். "நான் சொன்னத எழுதித் தொலைக்காத. கை கழுவறத யாரு பாப்பா? தாயும் புள்ளயும் நல்லா கட்டிப் புடிச்சி அழுவணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் சிவரஞ்சனி தன் கொள்கையில் உறுதியாக இருந்தாள். பன்னிரண்டு நிமிஷமும் நிஜமாக இருக்கப்போகிறது. சாயந்திரம் கடையில் உட்கார்ந்து எழுதினாள். 'சாப்டியா?' என்று தாய் கேட்டாள். 'இல்லம்மா' என்றாள் மகள். 'வா, வந்து சாப்டு' என்றாள் தாய். படித்துப் பார்த்தாள். கண் கலங்கியது. நேரம் வைத்துப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட வரவில்லை. உள்ளே போய்ச் சாப்பிடவும் முடியாது, செட் இல்லை.

சரி, கேட்பதற்கு முன்னால் தாய் கொஞ்சம் அதிர்ச்சியடையட்டும் என்று நினைத்தாள். சும்மா அதிர்ச்சியடைந்தால் தெரியாது, கையில் ஒரு தட்டு இருந்தால் கீழே விழும். குங்குமத் தட்டாக இருந்தால் குங்குமம் சிதறும். குங்குமம் சிதறினால் அபசகுனம், உடனே இடி இடிக்க வேண்டும். ஜனவரியில் ஏது இடி என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அந்தக் குரலை அவள் மதிக்கவில்லை. 'அம்மா... நீயா?' என்று எழுதினாள். அடுத்த வரியில் 'மகளே... நீயா?' என்று எழுதினாள். சும்மா நின்ற அண்ணன் முகத்தைக் காட்டினால் கொஞ்ச நேரம் ஓடும். காட்டினாள். இன்னும் நேரம் இருந்தது. மறுபடியும் காட்டினாள். பன்னிரண்டு நிமிஷம் வந்தபோது அண்ணன் ஆறு தடவை அதிர்ந்திருந்தான். மொத்தத்தையும் படித்துப் பார்த்த சிவரஞ்சனி, மாமியாரோடு சேர்ந்து தான் இத்தனை நாள் திட்டியதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று கண்டாள். கிழித்துப் போடலாம்தான். காலையில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

"சூப்பர்க்கா!" என்று பதில் வந்தது. அது பாராட்டா பழிக்குப் பழியா என்று அவள் நெடுநேரம் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காட்சி வந்த அன்று, எழுதியது தான் என்று வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. கொளஞ்சியம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு விழுந்தது. இடி இடித்தது. அண்ணன் அதிர்ந்தான்.

"தூ! மழையே இல்ல, எங்கிருந்துடா இடி வந்துச்சு?" என்றார் கொளஞ்சியம்மாள்.

சிவரஞ்சனி வழக்கமாகச் சேர்ந்துகொள்கிற இடம் அது. அன்றைக்கு ஒரு கடலையை ரொம்பக் கவனமாக உரித்தாள். அடுத்து அவள் நம்பியிருந்த அந்த ஒரு வரி வந்தது. தாய் மகளின் முகத்தைத் தொட்டு, "சாப்டியா?" என்றாள். பின்னணியில் வயலின் கதறியதில் அது பாதிதான் கேட்டது.

"இன்னா சொல்றா?"

"சாப்டியான்னு கேக்குறாங்கத்தே."

"வந்தவள வாசல்லியே நிக்க வச்சிக்கினா? சாப்டியான்னு கேட்டா உள்ள கூப்டணுமில்ல? கூப்புட மனசில்லாதவதான் வாசல்ல நின்னு கேப்பா." மாமியார் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "வருஷம் இப்பதான் பொறந்துருக்குது. இருந்தாலும் சொல்லிட்றன், இதவிட மட்டமா இந்த வருஷம் இன்னொண்ணு வராது. எவ எழுதுனாளோ!"

"நான்தான் எழுதுனன்த்தே."

கொளஞ்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். மருமகளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடியும் மருமகளைப் பார்த்தார். திரையில் அந்த அண்ணனும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"நீயா?"

"நான்தான்."

"முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் நல்லாருக்குதுன்னு பாத்துருப்பனே" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. சிவரஞ்சனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெளியே வந்தது சிரிப்பு. அவள் சிரிப்பதைப் பார்த்து மாமியாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கடலையில் பாதி தரைக்குப் போனது. வேலை முடிந்து வந்த தீனதயாளன் அம்மாவையும் மனைவியையும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எந்தக் குடும்பம் நாசமாச்சு?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்குவதற்குள் சாமியம்மாள் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. "இடி இடிச்சிது பாரு, எனக்கு அப்பியே தொண்டைய அடச்சிப்போச்சும்மா. எங்க வூட்ல எல்லாரும் அழுதுட்டோம். நீயா எழுதுன? சாமி சத்தியமா?" சிவரஞ்சனி நன்றி சொன்னாள். அந்த இடிக்காக அவள் எழுதின நாளிலிருந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் அன்புச்செல்வன் அழைத்தார். "அக்கா, சேனல்ல புடிச்சிருக்குதாம். அடுத்து கோர்ட்டு சீன். அண்ணன்மேல கேஸ். எழுதறீங்களா?"

"கோர்ட்டு வாசப்படிகூட நான் மிதிச்சதில்லியே தம்பி."

"நான் மட்டும் மிதிச்சிருக்கேனாக்கா?"

சிவரஞ்சனி மாமியாரைப் பார்த்தாள். கொளஞ்சியம்மாளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. தரையில் சிதறின கடலையைப் பொறுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

"ஜட்ஜ பொம்பளயா வையி. காவேரிகூடப் படிச்சவளா இருக்கட்டும். அவளப் பாத்ததும் ஜட்ஜு கையில இருந்த பேனா கீழ வுழணும்."

"சத்தமா வுழணுமா, மெதுவாவா அத்தே?" என்று கேட்டுக்கொண்டே சிவரஞ்சனி பேப்பர் எடுக்கப் போனாள்.