பதிவில் இல்லாத குரல்

மனநல வார்டில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பிறகுதான் அந்த நர்ஸுக்கு மேலே படிக்கும் ஆசை வந்தது. மனநல நர்ஸிங்கில் முதுநிலைப் படிப்பு, முழுக்க ஆன்லைனில். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "பகலெல்லாம் அவங்களோட இருந்துட்டு, வீட்டுக்கு வந்தும் அதே பாடமா? உனக்கும் ஒட்டிக்கப் போகுது, பாத்துக்கோ" என்று சிரித்தான். வார்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஜோக் அது. அவளும் சிரித்து வைத்தாள்.

சமையலறை மேஜைதான் வகுப்பறை. லேப்டாப்புக்கு முட்டுக்கொடுக்க மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. பாடம் எடுக்கும் பேராசிரியைக்கு மாணவிகள் வைத்த பெயர் 'மியூட் மேடம்'. மைக்கைப் போடாமலே பாதிப் பாடத்தை உருக்கமாக நடத்திவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார்.

வீட்டில் மூன்றாவது ஆள் நாத்தனார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணன்தான் அவளை வளர்த்தான். நடந்தால் தரைக்கே தெரியாது என்பதால் சின்ன வயதிலிருந்தே அவள் பூனை. ஒரு துணிக்கடையின் வாடிக்கையாளர் புகார்களுக்கு இணையத்தில் டைப் அடித்துப் பதில் சொல்வது அவள் வேலை. "வாயைத் திறக்காமலே ஊர்ப்பட்ட பேரோட சண்டை போடறா என் தங்கச்சி" என்பான் அண்ணன். கொஞ்ச காலமாக வீட்டிலும் அவள் பேச்சு குறைந்திருந்தது. தானே குழாயில் பிடித்த தண்ணீரையும் தானே போட்ட டீயையும் தவிர வேறெதையும் குடிப்பதில்லை. வேலைச் சுமை, போகப் போகச் சரியாகிவிடும் என்று அண்ணனும் அண்ணியும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் மியூட் மேடம் ஒரு பயிற்சி கொடுத்தார். காதில் குரல்கள் கேட்கும் நோயாளியின் நிலைமை எப்படியிருக்கும் என்று நர்ஸுகளுக்குக் காட்டுவதற்காகவே தயாரித்த ஒலிப்பதிவு. "ஹெட்போன மாட்டிக்கிட்டு இத ஓட விடுங்க. கூடவே உங்க வழக்கமான வேலைய பாருங்க. சமைங்க, கடைக்குப் போங்க, பாத்திரம் கழுவுங்க. அடுத்த வகுப்புல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அவள் ஷிஃப்ட் முடிந்து வந்த மத்தியானம் அதை மாட்டிக்கொண்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காதோரம் ஓர் ஆண் மூச்சு விட்டான். "கையப் பாரு, நடுங்குது. எல்லாரும் பாக்கறாங்க." எங்கோ ஒருத்தி சிரித்தாள். கடைக்குப் போய் நின்றபோது என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. கடைக்காரர், "என்ன வேணும் மேடம்?" என்று இரண்டாம் முறை கேட்டதும், "கொஞ்சம் சும்மா இருடா!" என்று கத்திவிட்டாள். அவர் கையிலிருந்த சோப்புக் கட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள். அந்த ஆண் குரல் திட்டிக்கொண்டே இருந்தது. நடுவில், அந்த இரைச்சலுக்குக் கொஞ்சமும் ஒட்டாமல், மெல்லிசாக ஒரு பெண் குரல் கெஞ்சியது.

"அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்கள விட்ருங்க."

கையிலிருந்த தட்டு வழுக்கியது. என்னமாய் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அத்தனை வசவும் போகாத இடத்துக்கு இந்த ஒரு வரி போயிற்று.

அடுத்த வகுப்பில் ஒவ்வொருத்தியும் தன்னை உலுக்கிய இடத்தைச் சொன்னாள். இவள் முறை வந்தபோது அந்தக் கெஞ்சலைச் சொன்னாள். திரையில் இருந்த முகங்கள் எல்லாம் அசையாமல் நின்றன. நெட் போய்விட்டதோ என்று பார்த்தாள். போகவில்லை.

"அப்படி ஒரு வரி அதுல இல்லையே" என்றார் மியூட் மேடம். இந்த முறை மைக் போட்டிருந்தார். "கெஞ்சற குரலே கிடையாதும்மா."

"எனக்கும் கேக்கல" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியும் தலையாட்டினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஓய்வறையில் உட்கார்ந்து பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். அந்த வரி இல்லை. பஸ்ஸில் கேட்டாள். அதிலும் இல்லை. வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து கேட்டாள்.

"இல்லங்க. தண்ணியில அவங்க ஒண்ணும் கலக்கல. நானே நின்னு பாத்தேன்."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வீடு அமைதியாக இருந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். யாருமில்லை. கோடியில் இருந்த அறையில் பூனை இவளுக்கு முதுகைக் காட்டியபடி டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்ல. நீ வேலைய பாரு."

அடுத்த சில நாட்கள் அவளுக்கு நரகமாகப் போயின. ஹெட்போனை மாட்டினால் குரல் வரும். கழற்றினால் நின்றுவிடும். அதுவும் வீட்டில் மட்டும். வார்டில் புது நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளை பாத்ரூம் கண்ணாடி முன் நின்று தன்னிடமே கேட்டுக்கொண்டாள். இன்றைக்கு என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. எல்லாவற்றுக்கும் விடை சரியாக வந்தது. அதனால் பயம் குறையவில்லை. எல்லாவற்றுக்கும் சரியாக விடை சொல்லிவிட்டு, கடைசியில் "நர்ஸம்மா, அந்த ஜன்னல்ல நிக்கறவர உள்ள கூப்பிடுங்க" என்ற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். ஒட்டிக்கும் என்ற ஜோக்கைப் புருஷன் மறுபடி சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு சோதனை செய்தாள். சாயங்கால வெளிச்சத்தில், நடைக்கு முதுகு காட்டி மேஜையில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள். பதிவை ஓடவிடவில்லை. லேப்டாப்பையும் அணைத்துவிட்டாள். இப்போதும் குரல் வந்தால் அது தன் மண்டைக்குள்ளிருந்துதான் வருகிறது, நாளைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

பிறகு குரல் வந்தது. "வாங்க. பரவால்ல, வாங்க. காதுல மாட்டியிருக்காங்க, அவங்களுக்குக் கேக்காது. நீங்க சொல்லுங்க."

அவள் அசையவில்லை. அணைந்த திரை கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னால், நடை வாசலில், பூனை நின்றிருந்தாள். பக்கத்தில் தன்னைவிட உயரமான யாரோ நிற்பது போல முகத்தை நிமிர்த்தி, உதடு அசைய, மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேசிவிட்டு நிறுத்தினாள். பதில் கேட்பது போலத் தலையாட்டினாள்.

"அதெல்லாம் வேணாங்க" என்றாள் பூனை. "அவங்க நல்லவங்க."

தனக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி நர்ஸுக்கு ஒரு கணம்கூட நிற்கவில்லை. எத்தனையோ குடும்பத்தாரிடம், "இவ்வளவு நாளா நீங்க யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டவள் அவள்.

பூனை மிரளக் கூடாது என்று ஹெட்போனை மெதுவாக, அவள் பார்க்கும்படி கழற்றினாள். திரையில் உதடுகள் நின்றன.

"டீ போடட்டுமா அண்ணி?"

"போடு. எனக்கும் சேர்த்துப் போடு. நீயே போடு."

பூனை டீ போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரு வாய் குடித்தார்கள்.

"பூனை, நான் இதுல எதையும் ஓட விடல. சும்மா மாட்டியிருந்தேன். நீ பேசினது கேட்டுச்சு. இத மொதல்லயே உங்கிட்ட சொல்லாதது என் தப்பு."

பூனை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க பேசினது?"

"அது எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குதுன்னு நம்பறேன்."

பூனை டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அம்மா குரல் மாதிரியே இருக்கும் அண்ணி. ஆனா அம்மா இல்ல. அம்மா என்ன 'வாடி போடி'ன்னுதான் கூப்பிடுவாங்க. இது 'வாங்க போங்க'ன்னு கூப்பிடுது. பெத்த பொண்ண யாராவது 'வாங்க'ன்னு கூப்பிடுவாங்களா? அதான் நானும் மரியாதையாவே பேசறேன். கோவம் வந்துடக் கூடாதுல்ல."

"என்ன சொல்லும்?"

"நீங்க தண்ணியில ஏதோ கலக்கறீங்கன்னு சொல்லும். நான் இல்லன்னு சொல்வேன். தினமும் உங்களுக்காகப் பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குது அண்ணி."

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. அடக்கிக்கொண்டு, கேட்க வேண்டியதை நேராகக் கேட்டாள். "உன்ன நீயே ஏதாவது பண்ணிக்கச் சொல்லுதா?"

"இல்ல." பூனை யோசித்தாள். "மொட்டைமாடிக்கு வாங்க, காத்து நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லும்."

நர்ஸ் எழுந்துபோய் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு புருஷனுக்குப் போன் போட்டாள்.

அவன் யூனிஃபார்மில் எண்ணெய்க் கறையோடு ஓடிவந்தான். வாசலில் வைத்தே அவள் மேல் பாய்ந்தான். "என் தங்கச்சிக்கா? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க? நீ படிக்கற படிப்ப வீட்டுல இருக்கறவங்க மேல காட்டாத!"

'அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்களே உட்கார்ந்து கேளுங்கள்' என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பூனையை ஒரு தரம் ஏமாற்றிக் கேட்டது போதும்.

பூனையே நடைக்கு வந்தாள். "அண்ணி சொல்றது நிஜம்தாண்ணே" என்றாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக, "கொஞ்சம் இருங்க, அண்ணன்கிட்ட பேசிட்டு வந்துடறேன்" என்றாள்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ மாடிகளுக்கு நடுவே சிக்கியவர்களை இழுத்து வெளியே விட்ட கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

மறுநாள் காலையிலேயே வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இவள் வேலை பார்க்கும் இடம் வேண்டாம் என்று பூனை சொல்லிவிட்டாள். டாக்டர் நிதானமாகக் கேட்டு, மாத்திரை எழுதி, அடிக்கடி வரச் சொன்னார். ஆரம்பத்தில் மாத்திரை அவளைத் தூங்கியே கிடக்க வைத்தது. உடம்பு போட்டது. இரண்டு தரம் துப்பிவிட்டாள். வேறு மருந்து மாற்றினார்கள்.

மியூட் மேடத்திடம் நர்ஸ் தனியாகப் பேசினாள். படிப்பைப் பாதியில் விட்டுவிடலாமா என்று கேட்டாள். "இத்தன வருஷ அனுபவம். என் வீட்டுக்குள்ளயே எனக்குத் தெரியல மேடம்."

"வீட்டுல நீங்க நர்ஸ் இல்லம்மா, அண்ணி. அண்ணிக்குத் தெரியற அளவுதான் தெரியும். இப்பவும் அவளுக்கு நர்ஸா இருக்காதீங்க. அதுக்கு வேற ஆள் இருக்காங்க." அவள் படிப்பை விடவில்லை.

உடம்பு தேறிவந்த ஒரு நாள், அந்த ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்று பூனை கேட்டாள். டாக்டரிடம் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் மட்டும் போட்டுக் காட்டினாள் அண்ணி. பூனை சீக்கிரமே கழற்றிவிட்டாள்.

"இது என்ன அண்ணி, எல்லாம் திட்டுது? திட்டினா நாமளும் திருப்பித் திட்டிட்டுப் போயிடலாமே. என்னோடது ஒரு நாள்கூட திட்டினதில்ல. அவ்ளோ பாசமா பேசும். அதான் பயமா இருந்துச்சு." ஹெட்போனை அண்ணி பக்கம் நகர்த்தி, "உங்க மேடத்துகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னாள்.

சில மாதங்களில் குரல் அநேகமாக ஓய்ந்துவிட்டது. பூனை அரை நாள் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் ஓய்ந்த பிறகு வேறொரு கஷ்டம் வந்தது. "வீடு வெறிச்சுனு இருக்கு அண்ணி. யாராவது ஏதாவது பேசிக்கிட்டே இருங்களேன்" என்றாள். அண்ணன் பேசக் கற்றுக்கொண்டான். தினமும் சாப்பிடும்போது லிஃப்ட் கதை. ஒரு தரம், பல் டாக்டர் ஒருவரும் அவரிடம் பல் பிடுங்கப் பயந்து தப்பி ஓடிய ஆளும் ஒரே லிஃப்டில் சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னான்.

"கதவத் திறக்கறேன், அந்தாளு வாயப் பொத்திக்கிட்டு மூலையில நிக்கறான்!"

பூனை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில், பக்கத்திலிருந்த காலி நாற்காலியின் பக்கம் உள்ளங்கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்பது போல ஒரு கணம் காட்டினாள். பிறகு கையை இறக்கித் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

நர்ஸ் பார்த்தாள். நாளைக்கு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டாள். அண்ணனும் பார்த்திருந்தான். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கதையை மேலே சொல்லத் தொடங்கினான்.