கொத்தமல்லியும் குறைந்தபட்ச விலையும்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா வந்தது. நேற்று என் மனைவி செண்பகம் தள்ளுவண்டியில் காய் விற்றுவிட்டு வந்து, சோறு போடும்போது சொன்னாள். இன்று ஞாயிறு, கம்பெனி லீவு, எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆம்பூரில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற எனக்கு எழுத்து வந்ததே நாற்பது தாண்டித்தான். நீள வாக்கியம் என்றால் இன்னும் மூச்சு வாங்கும். அங்கங்கே நின்றுவிட்டால் கோபிக்காதீர்கள்.

முதல் வரி இப்படி வைத்தேன்: வானம் செக்கச்செவேலென்று—

வேண்டாம். ஹுமேரா வானத்தைப் பார்த்து மாதக்கணக்காகிறது. அவள் பார்ப்பது செல்போனைத்தான்.

2

ஹுமேரா எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சூப்பர்வைசரிடம் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போய், வீட்டு முன்னறையில் ஷூ டப்பா அடுக்கி ஆன்லைனில் விற்கிறாள். கடனுக்குச் சரக்கு கொடுப்பவர் முக்தார் அகமது. அவர் ஒரு விதி போட்டார்: இந்த ஷூவை ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. விற்றால் சரக்கு நின்றுவிடும்.

[ஏன் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். 'பிராண்டுக்கு மரியாதை' என்றார்கள். நான் பசை தடவி ஒட்டுகிற ஷூவுக்கு மரியாதை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.]

பெரிய கடையிலும் அதே விலை, ஹுமேராவிடமும் அதே விலை என்றால் அவளைத் தேடி யார் வருவார்? டப்பாக்கள் கூரையைத் தொட்டன. சரக்கு நின்றாலும் போச்சு, நகராவிட்டாலும் போச்சு. இரண்டு வழியும் அதே சூப்பர்வைசர் முன்னால்தான் போய் முடியும்.

அவள் விலையைத் தொடவில்லை. ஷூவோடு ஒரு பெல்ட் வைத்தாள். காய்க்காரி கறிவேப்பிலை போடுவது மாதிரி, கொசுறு. போன் போட்டுப் பேரம் பேசுகிறவர்களுக்குப் பர்ஸும் உண்டு. சரக்கு பறந்தது.

3

அவளை மாட்டிவிட ஒரு வில்லன் வேண்டுமே என்று இரண்டு பேரை எழுதி அடித்தேன். உண்மையில் மாட்டிவிட்டது ஒரு நல்லவர். திருப்பத்தூர் அன்பரசன் என்பவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, ஊரறிய எழுதினார்: "தங்கமான அக்கா. பேரம் பேசினேன். பெல்ட், பர்ஸ் ரெண்டும் சும்மா கொடுத்தாங்க. எல்லாரும் கேட்டு வாங்குங்க."

முக்தார் அகமதுவும் படித்தார். "போய்ப் பாரு. நெசம்னா அங்கயே எல்லாத்தயும் ஏத்திக்கினு வந்துடு" என்று தன் ஆள் சமீருல்லாவை ஒரு ஆட்டோவோடு அனுப்பினார்.

4

சமீருல்லாவைக் கொஞ்சம் கெட்டவராகக் காட்ட மீசை வைத்தேன். எழுதியதைப் படித்துக் காட்டினால் செண்பகம் குறுக்கே வந்தாள்.

"அந்தாளுக்கு ஏது மீச? தெனம் தக்காளிய அமுக்கிப் பாக்குற ஆளு, எனக்குத் தெரியாதா?"

மீசையை எடுத்தாயிற்று.

"இன்னா ஆபா இது? மொதலாளி பேஜாராயிட்டாரு" என்றார் சமீருல்லா. ஆபா என்றால் அக்கா.

"ஒரு ரூவா கம்மி பண்ணிருக்கேனா, சொல்லுங்க பாய்" என்றாள் ஹுமேரா.

"பெல்ட்ட சும்மா குடுத்தா?"

"அது கொசுறு பாய்."

"கொசுறும் கம்மி பண்றதும் ஒண்ணுதான் ஆபா. ரூலு. பிராண்டுக்கு ஒரு மரியாத வாணாமா?"

ஜன்னல் திறந்திருந்ததால் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது, செண்பகத்தின் வண்டி உட்பட. சமீருல்லா ஆட்டோக்காரரைக் கூப்பிடத்தான் வெளியே வந்தார். கத்தரிக்காயைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. ஒரு கிலோ எடை போடச் சொன்னார், காசைக் கொடுத்தார், பையை அகலமாக விரித்துப் பிடித்தார்.

"கொத்தமல்லி போடும்மா."

"போடலாம் பாய். ஆனா கத்திரிக்கா வெல கம்மியாயிடுமே. அப்புறம் கத்திரிக்காயோட மரியாத இன்னாவுறது?"

[இதை அவள் அங்கேயே சொன்னாளா, சோறு போடும்போது யோசித்துச் சேர்த்தாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.]

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். சமீருல்லா சிரிக்கவில்லை. பையையும் மூடவில்லை.

"நேத்து போட்டியே!"

"நேத்து எனக்கு ரூலு தெரியாது பாய்."

கொத்தமல்லி இல்லாமல் போனால் வீட்டில் மனைவி கௌசர் என்ன சொல்வாள் என்பது அவருக்குத் தெரியும். வாசலில் ஹுமேரா நிற்கிறாள், பின்னால் கூரை வரை டப்பா. சட்டைப் பையில் போன் அடிக்கிறது. முக்தார் அகமது.

5

முடிவு ஒன்று: "பெல்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்" என்கிறார் சமீருல்லா. பையில் ஒரு கட்டு கொத்தமல்லி விழுகிறது. அழகுதான். ஆனால் முக்தார் அகமது அதை நம்புகிற ஆளில்லை.

முடிவு இரண்டு: ஆட்டோ நிறைகிறது. திங்கட்கிழமை காலை ஹுமேரா அந்த வாசப்படியில் காலை—

இதை எழுதக் கை வரவில்லை.

நிஜமாகவே என்னதான் நடந்தது என்று செண்பகத்தைக் கேட்டேன்.

"கதைய இன்னா வெலைக்குக் குடுக்கப் போற?"

"வெலயா? சும்மாதான் படிப்பாங்க."

"சும்மா படிக்கிறவங்களுக்கு முடிவு வேற கொசுறா?"

அதோடு வாயை மூடிக்கொண்டாள். உங்களுக்கு முடிவு தெரிய வேண்டுமென்றால் காலையில் ஹுமேரா தெருவுக்கு வாருங்கள். செண்பகத்தின் வண்டியில் கால் கிலோவாவது வாங்குங்கள். காசைக் கொடுத்த பிறகு, பையை மூடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.