வைரக்கண்ணு இருக்கும் எபிசோடு

ஆனி மாதத்திலிருந்து வைரக்கண்ணு ஒரு தொலைக்காட்சித் தொடருக்குள் இருக்கிறார். அவருடைய மனைவி மங்களேஸ்வரி இதை யாரிடமும் மறைக்கவில்லை. யாராவது விசாரித்தால், "உள்ள இருக்காரு" என்பாள். புதுக்கோட்டையில் இப்படிச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

தொடரின் பெயர் 'நெடுவான்'. ஒரு விண்கலம் வீடு திரும்ப வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் கதை. வைரக்கண்ணுவுக்குக் கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒளிபரப்பானது. அதற்குப் பிறகு உலகம் என்னென்னவோ பார்த்துவிட்டது. நெடுவான் ரசிகர் மன்றம் மட்டும் நெடுவானையே பார்த்துக்கொண்டிருந்தது. வாராவாரம் மன்றத் தலைவர் ரெத்தினவேல் வீட்டு ஹாலில் கூடுவார்கள். கடைசி எபிசோடு முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அலுப்பு என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாது.

மன்றத்தில் வைரக்கண்ணுவுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. தப்புக் கண்டுபிடிப்பது. பத்தாவது எபிசோடின் கடைசிக் காட்சியில் விண்கலத்தின் தளபதி ஆரூடன் சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். கதை நடப்பதோ எந்த நூற்றாண்டிலோ. அதைக் காட்டுவதற்காக வைரக்கண்ணு எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. பிறகு முழங்கை போனது. "இந்தா, இதான், இதான்" என்று சொல்லிக்கொண்டே மீதி ஆளும் போய்விட்டார்.

மன்றத்தார் கைதட்டினார்கள்.

மங்களேஸ்வரி அதுவரை நெடுவான் பார்த்தவள் இல்லை. அவளுக்கு சினிமாதான். பார்த்த படத்தின் கதையைச் சொல்வதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ரேஷன் கடை வரிசையில் ஆரம்பித்தாளானால், முன்னால் நிற்கிறவர்கள் தங்கள் முறை வந்தும் நகர மாட்டார்கள். ஒரு காட்சியை விட மாட்டாள். ஒரு காட்சியைச் சேர்க்கவும் மாட்டாள். கேட்காத ஆள் வைரக்கண்ணு ஒருவர்தான். "சுருக்கமா சொல்லு" என்பார். அவள் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அது அவளுக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

இப்போது அவளும் ஞாயிறுதோறும் மன்றத்துக்குப் போனாள். புருஷனைத் தேடத்தான் போனாள். போகப் போகக் கதையும் பிடித்துவிட்டது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு எபிசோடிலும் தளபதிக்குப் பின்னால், எந்திரங்களுக்கு நடுவே, வேற்றுக்கிரகத்துக் கூட்டங்களில் எல்லாம் தேடினாள். பத்தாவதின் கடைசியில் ஒரு கதவு மூடியது. கதவிடுக்கில் அவருடைய கட்டம்போட்ட சட்டை நுனி தெரிந்தது. அடுத்து ஓடியது பன்னிரண்டாவது. அதில் அவர் இல்லை.

"அண்ணே, பத்துக்கு அப்புறம் பன்னெண்டா?" என்று கேட்டாள்.

மன்றச் செயலாளர் சகாயமேரி மிக்சர் தட்டைக் கீழே வைத்தாள்.

"பதினொன்னு நாங்க பாக்குறதில்லம்மா" என்றார் ரெத்தினவேல்.

"ஏன்?"

"நல்லா இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது வந்த அன்னைக்கு ஊருக்கே கரண்ட் இல்ல. நல்லா இல்லன்னு பேசிக்கிட்டாங்க."

"பத்துல போன ஆளு பன்னெண்டுல இல்லன்னா, நடுவுலதான இருக்கணும்?"

"அதுக்காக பதினொன்னைப் பாக்குறதா?" என்றாள் சகாயமேரி. அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. "உங்க வீட்டுக்காரரே சம்மதிக்க மாட்டாருக்கா. பாக்கக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவந்ததே அவருதான்."

மங்களேஸ்வரி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எதிர்ச் சுவரில் இருந்த தொலைக்காட்சியை நோக்கி நடந்தாள்.

ஹால் நீண்டது. இரண்டு பக்கமும் சோபாக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு டீக்கடை வந்தது.

"டிவிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"நேராப் போங்க. அடுத்த ஸ்டாப்பிங்" என்றார் டீக்கடைக்காரர்.

டவுன் பஸ் ஒன்று வந்தது. கை காட்டினாள். "பதினொன்னு போகாது" என்றார் கண்டக்டர். பஸ் போய்விட்டது. கால் வலித்தது. ஒரு நாள்கூட உருப்படியாக நம் பேச்சைக் கேட்காத மனுஷனுக்காக இவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று நினைத்தாள். நடக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்குப் பிறகு கால் வலியைப் பற்றி நினைக்கவில்லை.

போய்ச் சேர்ந்து பதினொன்றைப் போட்டாள். வெகு தூரத்தில் மன்றத்தார் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

திரையில் ஒரு செம்மண் கிரகம். தளபதியும் ஆட்களும் அசையாமல் நின்றார்கள். தோளில் எல்லாம் தூசி. அவள் பார்க்கப் பார்க்க அவர்களுக்கு அசைவு வந்தது. மூலையில் வைரக்கண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"என்னங்க! வாங்க வீட்டுக்கு."

"இரு, ஓடிக்கிட்டிருக்கு" என்றார் வைரக்கண்ணு. "கதை முடியாம எந்திரிக்க முடியல."

அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தாள். எபிசோடு நிஜமாகவே மெதுவாகத்தான் போனது. அவள் கண்ணை எடுக்கவில்லை. முடிந்தது. தளபதி ஆரூடன் திரைக் கண்ணாடி அருகே வந்தார்.

"அம்மணி, எங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"நீங்கதான நடிச்சீங்க?"

"உள்ளே இருப்பவர்களுக்குக் கதை தெரியாது. யாராவது பார்த்துச் சொல்லும்வரை இங்கிருந்து எவரும் நகர இயலாது. இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை."

"முழுசா சொல்லவா, சுருக்கமா சொல்லவா?"

தளபதி வைரக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

"முழுசாவே சொல்லு மங்களம்" என்றார்.

மங்களேஸ்வரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். விண்கலத்தில் கடைசியாக ஒரே ஒரு விதை மிஞ்சியிருந்ததைச் சொன்னாள். அதை நட்டதைச் சொன்னாள். பேச்சுவார்த்தை இல்லாத டாக்டரும் எஞ்சினியரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து காவல் காத்ததை, யார் எந்தக் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள் என்பது முதற்கொண்டு சொன்னாள். எல்லோரும் தூங்கும்போது தளபதி மண்ணைத் தோண்டிப் பார்க்கிறார். உள்ளே இருப்பது விதை இல்லை. அவருடைய கோட்டுப் பொத்தான். விதையை எங்கேயோ தொலைத்துவிட்டார். பொத்தானைத் திரும்பவும் புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.

தளபதி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பொத்தானா அது?" என்றார் டாக்டர். எஞ்சினியர் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். வைரக்கண்ணு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மங்களேஸ்வரி திரைக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மறுநாள் காலையில எல்லாரும் எந்திரிச்சு அதுக்கே தண்ணி ஊத்துறாங்க. தளபதியும் ஊத்துறாரு. அவ்வளவுதான்."

"அப்புறம்?" என்றார் தளபதி.

"அவ்வளவுதான் கதை."

"அப்புறம்?" என்றார்கள் எல்லோரும். ஒருவரும் எழவில்லை. வைரக்கண்ணுவும் எழவில்லை. கணுக்கால்வரை அவர் மண்ணுக்குள் இருந்தார். "அப்புறம்?" என்று அவரும் கேட்டார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது.

தண்ணீர் ஊற்றுவதோடு கதையை விட்டால் இவர்கள் காலத்துக்கும் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அது மங்களேஸ்வரிக்குப் புரிந்தது. அவள் இதுவரை எந்தக் கதையிலும் ஒரு சொல் கூட்டிச் சொன்னவள் இல்லை. தெருவே அழுது கெஞ்சியபோதும் செத்த கதாநாயகனைச் செத்தவனாகவே விட்டவள்.

"அப்புறம்," என்றாள், "மூலையில கட்டம்போட்ட சட்டையோட ஒருத்தர் உக்காந்திருக்காரு. அவரு எந்திரிக்கிறாரு. தளபதிகிட்ட போயிட்டு வர்றேங்கன்னு சொல்றாரு. தளபதியும் சரிங்கிறாரு. அவரு சம்சாரம் அவரைக் கூட்டிட்டுப் போக வந்து ரொம்ப நேரமா நிக்கிது. அவரு வீட்டுக்குப் போறாரு."

வைரக்கண்ணு எழுந்தார்.

"போயிட்டு வர்றேங்க" என்றார்.

"சரி" என்றார் தளபதி.

முதலில் விரல் வெளியே வந்தது. மங்களேஸ்வரி அதைப் பிடித்து இழுத்தாள். முழங்கை வந்தது. மீதி ஆளும் வந்தார்.

வெகு தூரத்திலிருந்து ரெத்தினவேலின் குரல் கேட்டது. அவர் இன்னமும் சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, அந்த சீன் அதுல கிடையாது!"

"இனிமே உண்டுண்ணே" என்றாள் மங்களேஸ்வரி. வைரக்கண்ணுவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். அவர் கையெல்லாம் செம்மண்ணாக இருந்தது.