இரைச்சலைத் திருப்பிக் கொடு

இரைச்சல் போயிடுச்சுன்னு துள்ளிக் குதிக்க வேண்டியவ, எதுக்கு இப்படி வாயில ஈ போறதுகூடத் தெரியாம நிக்கறா?

எலி இதை மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். சின்ன வயதில் ஒயர்த் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டு திரிந்ததால் வீட்டில் வைத்த பெயர் அது. இப்போது காது கேட்கும் கருவி விற்கும் கடையில் பழுது பார்க்கிறாள். ஆனாலும் அக்காவுக்கு அவள் எலிதான். அந்த அக்கா கிடாரைத் தோளில் மாட்டியபடி, தங்கை செய்துகொடுத்த பெடலை முறைத்துக்கொண்டிருந்தாள். காலால் மிதித்தால் கிடாரின் குரலைக் கரகரப்பாக்கும் சின்ன அலுமினியப் பெட்டி.

அதில் ஒரே ஒரு குறை இருந்தது. சுவரில் செருகும் அடாப்டரில் போட்டால், பாட்டுக்கு அடியில் வண்டு ஒன்று விடாமல் குடைந்துகொண்டே இருக்கும். பேட்டரியில் போட்டால் வண்டைக் காணோம். ஆக, குற்றவாளி பெட்டி இல்லை, அதற்கு வரும் மின்சாரம். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் எலி ஒரு சிறு ரெசிஸ்டரையும், அதையடுத்துக் குண்டாக ஒரு கெப்பாசிட்டரையும் வைத்தாள். ஏறி இறங்கி வருவது அங்கே தேங்கி, சமமாகி, அப்புறம்தான் உள்ளே போகும். கிடாரிலிருந்து வரும் ஒயரையும் மின்சார ஒயரை விட்டுத் தள்ளி வைத்தாள். வண்டு செத்தது. யாரையாவது இழுத்து உட்காரவைத்து, "கேட்டீங்களா, ஒண்ணுமே கேட்கலை!" என்று சொல்ல வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை அக்காவின் அலுவலக விழா. எலி செய்த பெடல் மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. ஒலி அமைக்க வருகிறவர் சொல்லியிருந்தார்: "மேடையில இரையாம இருந்தா, எனக்குத் தெரிஞ்ச கிடார்காரங்களை எல்லாம் உன்கிட்ட அனுப்பறேம்மா. இரைஞ்சுதோ, அப்புறம் என் பக்கமே வராதே."

கூடத்திலிருந்து அத்தான் குரல் வந்தது. "இன்னிக்குத்தான் உன் வாசிப்பு பளிச்சுனு கேட்குது! நடுநடுவுல 'டொக்'குனு ஒண்ணு வருதே, அது பாட்டுலயே உண்டா?"

அக்கா கதவைச் சாத்தினாள். "கேட்டியா? இத்தனை நாள் அந்த மனுஷன் வாயைத் திறந்தாரா?"

"பாராட்டத்தானேக்கா செஞ்சார்."

"டொக்குங்கறார்டி!"

எலிக்குச் சிரிப்பு முட்டியது. ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அக்காவின் விரல் தடுக்கி விழும். இத்தனை நாள் அந்தத் தடுக்கலையெல்லாம் வண்டு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"வேற ஒரு அடாப்டரை மாட்டிப் பாத்தேன். அதுலயும் சத்தம் வர மாட்டேங்குது," என்றாள் அக்கா, ஏதோ பறிகொடுத்தவள் மாதிரி.

"எதுல போட்டாலும் வராது. அதுக்குத்தானே உயிரை விட்டேன்."

"உள்ளே புதுசா வெச்சியே, அந்தக் குண்டனை மட்டும் பிடுங்கிடு, எலி. ஒரே ஒரு நாளைக்கு. கணக்குப் பிரிவுக்காரி முதல் வரிசையில உக்காந்திருப்பா, அவளுக்குப் பாம்புக் காது. இரைச்சல் வந்தா, வீட்ல தங்கச்சி செஞ்சது, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிக்கறேன். என்னை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

பள்ளி நாட்களில், அப்பா முன்னால் பாடம் ஒப்பிக்கையில் அக்கா திணறும்போதெல்லாம் எலிக்கு இருமல் வந்துவிடும். அந்தச் சந்தடியில் அக்கா அடுத்த வரிக்குத் தாவிவிடுவாள். அக்கா நல்ல பெயர் வாங்கினாள். எலி மருந்து குடித்தாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை, விளையாட்டாகத்தான் இருந்தது. இதுவும் அப்படித்தானே? ஒரு நொடி வேலை. கை அதன் போக்கில் கட்டரை எடுத்தும்விட்டது.

'அப்படித்தான் இருக்கும்' என்றதை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்!

"என் தங்கம்ல," என்று அக்கா தோளால் இடித்தாள். "நான் கேட்டு நீ என்னிக்காவது இல்லைன்னிருக்கியா?"

இல்லைதான், என்று எலி நினைத்தாள். யோசித்துப் பார்த்தால் ஒரு தடவைகூட இல்லை.

கட்டரைக் கீழே வைத்தாள். மூடியை எடுத்துப் பெட்டியின்மேல் பொருத்தி, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள்.

"மாட்டேன்க்கா," என்றாள், கடைசித் திருகிலிருந்து கண்ணை எடுக்காமல்.