கல்கத்தாவிலிருந்து வந்த விபூதிப் பை

பார்சல் திங்கட்கிழமையே வந்துவிட்டது. அதைப் பற்றிய கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது. நடந்த கூத்தெல்லாம் இடையில் இருந்த அந்த நாலு நாளில்தான்.

குற்றாலலிங்கம் பிள்ளையின் ஒரே மகன் நாறும்பூநாதன் கல்கத்தாவில் ஒரு மின்சார விளக்குக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. திருநெல்வேலியில் தெருமுனைக்கு ஒரு எண்ணெய் விளக்கு அழுது வடிந்துகொண்டிருந்த காலம் அது. அவனோ அங்கே நாடகக் கொட்டகைகளைப் பட்டப்பகலாக்கிக்கொண்டிருந்தான். கல்யாணமான ஐந்தாம் மாதம் ரயிலேறியவன். மனைவி நீலாம்பாள் மாமனார் வீட்டில் இருந்தாள்.

பார்சலின் தையலைப் பிரித்தது அவன் தங்கை கோமு. அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை. கோமுவுக்குச் சங்கு வளையல் ஒரு ஜோடி. நீலாம்பாள் தூணருகே நின்று எட்டிப் பார்த்தாள். அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சாமான் மட்டும் மிச்சமிருந்தது.

ரோஜா நிறப் பட்டு. ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் வாய் திறந்து, மறு பக்கம் குறுகி முடிந்தது. நுனி மட்டும் கட்டைபோல் கெட்டியாக இருந்தது. வாயோரத்தில் இரண்டு நீளப் பட்டு நாடா.

பிள்ளைக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதைக் கையில் வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"விபூதிப் பைளா! இந்த நாடாவை இடுப்புல முடிஞ்சிக்கிடலாம். விபூதி கசிஞ்சிராம அடியைக் கெட்டியா வச்சிருக்கான் பாரு. வடக்கத்தியான் வேலைன்னா வேலைதான்."

"மதினிக்கு ஒண்ணுமே வரலையேப்பா" என்றாள் கோமு.

"அவ நம்ம வீட்டுப் பிள்ளை. எனக்கு வந்தா அவளுக்கு வந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, அவர் பூஜை மாடத்திலிருந்த விபூதியை அதில் கொட்டிக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் அந்தப் பைக்குத் தனி மரியாதை. ஆற்றில் முழுகி எழுந்தவர்கள் எல்லாரும் கை நீட்டினார்கள். முப்பது வருஷமாகப் பிள்ளையோடு எதற்கெடுத்தாலும் போட்டி போடும் பூதலிங்கம் பிள்ளைகூட இரண்டு தரம் வாங்கிப் பூசிக்கொண்டார்.

"அசல் காசிப் பட்டுவே" என்றார் குற்றாலலிங்கம் பிள்ளை. "உம்ம மகன் பாளையங்கோட்டையில வக்கீலாச்சே, அவன் என்ன அனுப்பினான்?"

வீட்டில் அந்தப் பை பூஜை மாடத்து ஆணியில் தொங்கும். நீலாம்பாள் விளக்குத் துடைக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். தனக்கு ஒன்றும் வரவில்லை என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சாமான் அவள் மண்டையைக் குடைந்தது. ஒரு பக்கமாக மெல்லிய தோல் பட்டை ஒன்று வைத்துத் தைத்திருந்தது. அதுவும் நுனியும் சொரசொரவென்று தேய்ந்துகிடந்தன. நுனியைச் சுற்றி யாரோ ஊசிநூலால் நெருக்க நெருக்கமாக இழையோட்டியிருந்தார்கள். அது அழகுக்குப் போட்ட தையல் அல்ல. கிழிந்துவிடக் கூடாதே என்று ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து போட்ட தையல்.

"ஏட்டி கோமு, பைக்கு நுனி ஏன் தேயுது?"

"இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டே ஒனக்குத் தலை நரைக்கப் போவுது மதினி" என்று சொல்லிவிட்டு வளையலைக் குலுக்கிக்கொண்டு போனாள் கோமு.

வெள்ளிக்கிழமை கோமு கோயிலுக்குப் போயிருந்த நேரம், தபால்காரர் அருளப்பன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைக்குக் கண் மங்கியதிலிருந்து நீலாம்பாள்தான் வாசித்துக் காட்டுவாள். கதவோரம் நின்றுகொண்டு, மாமனாரைப் பார்க்காமல், தாளைப் பார்த்து வாசிப்பாள். கடிதம் எப்போதும் தகப்பனார் பேருக்குத்தான் வரும். ஆண்பிள்ளை பெண்டாட்டிக்குத் தனிக் கடிதம் எழுதுவது அந்தத் தெருவில் கிடையாது. 'அங்கு யாவரும் க்ஷேமமா?' என்று ஒரு வரி இருக்கும். அந்த 'யாவரும்' என்கிற சொல்லில்தான் இரண்டு வருஷமாக அவள் குடியிருந்தாள்.

அன்றைக்கு நமஸ்காரம் முடிந்ததுமே விஷயம் வந்துவிட்டது. "'பவானிப்பூரில் நம்மவர்கள் இருக்கும் தெருவில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தை மாதம் வந்து குடும்பத்தை அழைத்துப்போகத் தாங்கள் உத்தரவு தர வேண்டும்.'"

குடும்பம் என்றால் நீலாம்பாள்தான். இதற்கு முன்னால் அவன் இரண்டு தரம் கேட்டு எழுதி, இரண்டு தரமும் பிள்ளை மறுத்துவிட்டார். கல்கத்தாவில் ஆசாரம் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

பிள்ளை யோசித்தார். "விபூதிப் பை பார்த்து வாங்கி அனுப்புதவன் ஆசாரம் கெட்டிருக்க மாட்டான். அழைச்சிட்டுப் போகட்டும். நல்ல காரியம், இப்படி வா தாயி, விபூதி பூசி விடுதேன்." எழுந்து போய் ஆணியிலிருந்து பையை எடுத்து வந்தார்.

அதற்குள் அவள் கண் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது.

வாசிக்காமல் மடித்துவிட்டால் போதும். தை மாதம் ரயிலேறிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு விடிகாலையிலும் அதற்குள் கை விட்டு அள்ளி, கண்ணை மூடி, நெற்றி நிறையப் பூசுவாரே. இப்போதும் மூன்று விரலால் அள்ளி அவள் நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறாரே.

"வேண்டாம் மாமா. இன்னும் ஒரு பக்கம் இருக்கு. அதைக் கேட்டுருங்க."

வாசித்தாள். "'சீமையிலிருந்து பாலே என்னும் நாட்டியக் கம்பெனி வந்திருந்தது. நாங்கள்தான் விளக்குப் போட்டோம். நான் மேலே பரணில் நின்று பார்த்தேன். ஆடுகிறவள் கால்விரலின் நுனி மட்டும் தரையில் பட நிற்கிறாள். நம் அடுக்களை உறியில் தயிர்ச்சட்டி எடுக்கிறவர்கள் எம்புவதுபோல ஆரம்பித்து, அதற்கும் மேலே போய்விடுகிறாள். பார்சலில் உள்ள பட்டுச் சாமான் அவள் தேய்ந்துபோனதென்று கழித்த பாதரட்சை. கேட்டு வாங்கினேன். பெண்டுகள் பார்த்தால் அதிசயப்படுவார்கள். தாங்கள் தொட வேண்டாம்.'"

அந்த வீட்டில் உறியை எம்பி எட்டுகிறவள் ஒருத்திதான். கோமு நெட்டை, கையை நீட்டினால் சட்டி. நீலாம்பாள் விரல் நுனியில் தள்ளாடும்போது அடுக்களை வாசலில் நின்று ஒருவன் சிரித்த ஐந்து மாதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் பார்சலில் அவளுக்கும் ஒன்று வந்திருக்கிறது.

பிள்ளை கையிலிருந்ததைத் தரையில் போட்டுவிட்டார். முகம் சிவந்தது.

"கூத்தாடி செருப்பா? நாலு நாளா செருப்புல இருந்தா நான் விபூதி எடுத்தேன்? அவன் கெட்டுத்தான் போயிட்டான். உத்தரவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

நீலாம்பாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குனிந்து அந்தப் பாதரட்சையை எடுத்தாள்.

பிள்ளை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாவது நடையில் நின்றார். "பூதலிங்கம் ரெண்டு தரம் வாங்கிப் பூசினான்" என்றார் தனக்குத்தானே. நாலாவது நடையில் அவர் தொந்தி லேசாகக் குலுங்கிற்று. ஐந்தாவது நடை அவரால் முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும், "விரல் நுனியிலயா? எலும்பு முறிஞ்சிராது?" என்று கேட்டார்.

"நுனி கட்டை மாதிரி இருக்குல்லா மாமா, அதுதான் தாங்குது போல. மேல இழையோட்டியிருக்கு, வழுக்காம இருக்கதுக்கு. பாதத்துக்கு இந்தத் தோல்." நாலு நாள் கேள்விக்கு ஒவ்வொன்றாக விடை கிடைக்க, அழுகை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"சட்டுனு கண்டுபிடிச்சிட்டியே. உள்ள போய் நின்னு பாரு, நிக்குதான்னு. நான் இங்கனயே இருக்கேன்."

அடுக்களையில் விபூதியை ஒரு செம்பில் தட்டிவிட்டு, அவள் அதை வலது காலில் மாட்டி நாடாவைச் சுற்றிக் கட்டினாள். சற்று இறுக்கம். உறிக்குக் கீழே போய் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு எம்பினாள். தயிர்ச்சட்டி முகத்துக்கு நேரே வந்தது. சுவரை விட்டாள்.

"என்னளா, நிக்க முடியுதா?" வெளியிலிருந்து குரல்.

"ஒரு நொடி நின்னேன் மாமா!"

"ஒரு நொடியா? அவ எவ்வளவு நேரம் நிக்காளாம்?"

"அதை எழுதலையே."

"அவன் எந்தக் காலத்துல எதை முழுசா எழுதினான்?" அப்புறம் துண்டை உதறும் ஓசை கேட்டது. "நான் ஆத்துல போய் இந்த விபூதியைக் கரைச்சிட்டு நாலு முழுக்குப் போட்டுட்டு வாரேன். அதை ஒரு செம்புல போட்டுக் கொண்டா. கோமுகிட்ட மூச்சு விடாதே. அவ காதுல விழுந்தா படித்துறையில விழுந்த மாதிரி. ஒன்னாலயும் இதை அடக்கிக்கிட்டு இங்கன இருக்க முடியாது. தை மாசம் கிளம்பிரு."

நாடா கட்டிய காலோடேயே நொண்டி நொண்டி வந்து, அவள் செம்பை நீட்டினாள்.

"போனதும் அந்தக் கொட்டகைக்குப் போய் நீயே பாரு" என்றார் பிள்ளை. "எவ்வளவு நேரம் நிக்கா, எப்படி இறங்குதா, எல்லாத்தையும் ஒன் கையால எனக்கு எழுது."