இரண்டாவது பலூன்

"இந்தக் கத்தரிக்கோலைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லுவே. இப்ப நீயே பாட்டிலை வெட்டுறே?"

"வாயை மூடிக்கிட்டுப் பாட்டிலைப் பிடிடி வாலு. ஆடுது பார்."

துணியைத் தவிர வேறு எதன் மேலும் அந்தக் கத்தரிக்கோலை வைக்க விடாதவள் சித்தி. தையல் கடையில் அதற்காகவே பெயர் எடுத்தவள். அன்று என்னவோ இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களின் அடியை அதனாலேயே நறுக்கினாள். பள்ளியில் வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. நாலாவது படிக்கும் பெரியவளும் இரண்டாவது படிக்கும் வாலுவும் சேர்ந்து நுரையீரல் செய்துகொண்டிருந்தார்கள். மூடியில் ஓட்டை போட்டு ஒரு உறிஞ்சுகுழல், அதன் நுனியில் பாட்டிலுக்குள் தொங்குகிற மாதிரி ஒரு பலூன், வெட்டிய அடிப்பக்கத்தில் முரசுபோல இழுத்துக் கட்டிய ரப்பர். ரப்பரைக் கீழே இழுத்தால் உள்ளே பலூன் உப்பும். விட்டால் சுருங்கும்.

உள்ளறையில் ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் அம்மா, சித்திக்கு உடன்பிறந்த அக்கா, அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அப்பா லாரியோடு வெளியூரில்.

முதல் பாட்டில் சொன்னபடி கேட்டது. வாலு பத்துத் தடவை இழுத்துப் பார்த்து, "இது நான்" என்றாள்.

"சித்தி, கடையிலேர்ந்து துணி ஒட்டுற பசை கேட்டேனே?" என்றாள் பெரியவள்.

"அது எதுக்குடி?"

"இன்னொரு பலூன் மேல பூசணும். காஞ்சா கெட்டியாயிடும்ல. அது அம்மாவோடது."

சித்தியின் கை நின்றுபோனது. "யார் சொன்னா உனக்கு?"

"நீதான். அப்பாகிட்ட போன்ல, 'நுரையீரல் இறுகிப் போச்சாம்'னு சொன்னியே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தாள் சித்தி. பையிலிருந்து பசையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்தபோது பசை காய்ந்து பலூன் தேங்காய்ச் சிரட்டை போலாகியிருந்தது. ரப்பரை எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. பக்கத்தில் அட்டை விரித்துக் கட்டம் போட்டு வைத்திருந்தாள் பெரியவள். கேள்வி: இறுகிய நுரையீரலை எது இளக்கும்? அடுத்த கட்டம், கணிப்பு. அதில் ஒரே ஒரு வார்த்தை. சரியாயிடும்.

"கணிப்புன்னா என்னன்னு மிஸ் சொன்னாங்க?"

"என்ன நடக்கும்னு முன்னாடியே யோசிச்சு எழுதறது. ஆனா சும்மா எழுதக் கூடாதாம். விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லியிருக்கணுமாம்."

"உனக்கு யாருடி சொன்னா?"

"என்ன சித்தி, தினமும் நீதானே சொல்றே?"

சித்தி சட்டென்று எழுந்து அடுப்பில் வெந்நீர் வைக்கப் போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அவள்தான். இறுகினது இறுகினதுதான், போகப் போக இன்னும் இறுகும், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றார். "பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதே" என்று அக்கா வாசலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பலூனை வெந்நீரில் முக்கினார்கள். இளகவில்லை. எண்ணெய் தடவினார்கள், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்கள். "குளிருதோ என்னவோ" என்று வாலு தன் குல்லாவைப் போர்த்திப் பார்த்தாள். ம்ஹூம்.

முடிவு என்ற கட்டத்தில் பெரியவள் எழுத ஆரம்பித்தாள். 'வெந்நீரில் இளகி...'

"ஏய், நாம பார்த்தது அப்படி இல்லையே."

"நாளைக்குப் பரிசு கொடுக்க ஒரு டாக்டர் வர்றார் சித்தி. இளகாதுன்னு எழுதினா சரின்னு போயிடுவார். இளகும்னு எழுதினாத்தானே, எப்படின்னு யோசிப்பார்?"

சித்தி உள்ளறைக்குப் போய்க் கட்டிலோரம் நின்றாள்.

"அக்கா, சொல்லிடு."

"கண்காட்சி முடியட்டும்."

"அது முடிஞ்சா பரீட்சைம்பே. நாளைக்கு அங்க முன்னேபின்னே தெரியாத மனுஷன் வாயால கேட்கணுமா அவ? நாலு பேர் நடுவுல?"

அக்கா கண்ணை மூடி மூன்று நான்கு மூச்சு இழுத்தாள். "ரெண்டு பாட்டிலையும் கொண்டாரச் சொல்லு."

சித்தி தலையணையை நிமிர்த்தி அவளை உட்கார வைத்தாள். அம்மா முதலாவதை இழுத்துப் பார்த்தாள். இரண்டாவதை இழுத்துப் பார்த்தாள். அதை வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

"நல்லா செஞ்சிருக்கே. எனக்கு உள்ள... இப்படித்தான் இருக்கு."

"எது போட்டா இளகும்மா?"

"எதுக்கும் இளகாதுடா."

"டாக்டர்?"

"அவரும் அதைத்தான் சொன்னார். சித்திக்கும் தெரியும்."

பெரியவள் சித்தி பக்கம் திரும்பினாள். "அப்ப ஏன் அப்படிச் சொன்னே?"

"எனக்கு வேற வார்த்தை வரலைடி" என்றாள் சித்தி.

வாலுதான் கேட்டாள். "அம்மா, நீ செத்துப் போயிடுவியா?"

"இன்னைக்கு இல்ல" என்றாள் அம்மா. "நாளைக்கும் இல்ல. ஆனா... ரொம்ப நாள் இல்ல. கிட்ட வா."

வாலு ஏறி ஒட்டிக்கொண்டாள். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு வெளியே போனாள். அட்டையைக் கிழித்துவிடப் போகிறாள் என்று நினைத்த சித்தி பின்னாலேயே ஓடினாள். ஆனால் அவள் அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவின் கால்மாட்டில் விரித்தாள். முடிவுக் கட்டத்தில் தான் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தாள். அழுத்தி அழித்ததில் அட்டை அங்கே மெலிந்துபோனது. பென்சிலை எடுத்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்தாள், நிமிரவில்லை.

"இளகவில்லைக்கு எந்த ள?"

சித்தி அட்டை மேல் குனிந்தாள்.

"முதல்ல... பெரிய ள" என்றாள் அம்மா, மூச்சு விட்டு விட்டு. "கடைசியில... ரெண்டும் சின்ன ல. மெதுவா எழுது. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."