பெரியவர் நிறுத்தும் இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டிமீனா டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனது அரைக்கிலோ காராச்சேவும் ஓர் அபிப்பிராயமும். காராச்சேவைத் திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறும் முன் வாங்கினாள். அபிப்பிராயத்தை ஆறு நாளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பதினோரு வருஷமாக டாக்டர் கனகலட்சுமியின் வலப்பக்கம் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிறவள். கண்புரை ஆபரேஷனுக்கு ஆளை மயக்குவதில்லை. கண் மட்டும் மரத்திருக்கும். காது நன்றாகக் கேட்கும். பயந்து கிடப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று டாக்டர் பியானோ இசை போடுவார். ஷூபர்ட் என்ற பழைய ஐரோப்பிய இசைமேதை எழுதிய சொனாட்டா என்னும் நீண்ட பியானோ இசையின் மெதுவான பகுதி. அதையே இரண்டு பேர் வாசித்த இரண்டு பதிவுகள், மாற்றி மாற்றி ஓடும். ஒருவர் வயதான ஆண், இன்னொருவர் பெண். இருவருமே உலகமெங்கும் பேர் வாங்கியவர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேர்கள் பாண்டிமீனாவின் வாயில் நிற்கவில்லை. அவளுக்கு ஒருவர் 'பெரியவர்', இன்னொருவர் 'அந்தம்மா'. பியானோவை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

போன திங்கட்கிழமை வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மொக்கையன் என்ற முதியவர் மேஜையில் கிடந்தார். பெரியவரின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தை மூடிய பச்சைத் துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"டாக்டரம்மா, இந்தாளு ஏன் விட்டு விட்டு அடிக்கிறாரு? கை நோகுதோ?"

"பேசாதீங்க ஐயா, தலை ஆடுது" என்ற டாக்டர் சிரித்துவிட்டார். "கையெல்லாம் நோகலை. அந்த இடத்துல அமைதி வேணும்னு நிறுத்துறாரு. அதுதான் அவரோட பெருமையே."

அப்போது பாண்டிமீனா வாய் திறந்தாள். அது அவளுக்கே ஆச்சரியம். "இல்ல மேடம். அவரு நிறுத்துறது நாம பாக்கணும்னு நிறுத்துறாரு. அந்தம்மாவும் நிறுத்துறாங்க. ஆனா நிறுத்துனதே நமக்குத் தெரியாது."

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மொக்கையனின் கண்ணை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கு வா. மாசம் ஒருக்கா நாங்க மூணு பேரு உக்காந்து இதைத்தான் பேசுவோம்."

"நான் வந்து என்னத்தப் பேசப்போறேன் மேடம்?"

"இப்பப் பேசினியே, அதைப் பேசு."

வீட்டில் அவள் கணவன் அழகுபாண்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்புட்டுப் படிச்சவங்க நடுவுல நீ போயி என்ன சொல்லப்போற? வாயத் தொறக்காம காபியக் குடிச்சிட்டு வந்துரு." சொல்ல ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றைத் தவிர வேறில்லை என்பதும் தெரியும்.

டாக்டர் வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கூடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. டாக்டரின் கணவர் ராமதாஸ் பட்டு மொத்த வியாபாரி. அவர்களுடைய நண்பர் பீமாராவ் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வுபெற்றவர். மூவரும் சௌராஷ்டிரர்கள், தங்கள் பாஷையில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்கள். அந்த மரியாதை அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முதலில் பெரியவர், பிறகு அந்தம்மா. இருவரும் வாசித்து முடிக்கும்வரை பாண்டிமீனா இசையைக் கேட்கவே இல்லை. தன் வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தச் சொல்லில் தொடங்குவது, 'பாக்கணும்னு' என்பதா, 'பார்க்கணும்னு' என்பதா.

"ஆக, பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்" என்று பீமாராவ் தொடங்கினார். "என்ன கனகா, நாம ரெண்டு பேரும் வழக்கம்போல ஒரே கட்சிதானே?"

"நான் கட்சி மாறிட்டேன்" என்றார் டாக்டர்.

"என்னது!"

"அவர் நிறுத்துறது நாம பார்க்கணும்னு நிறுத்துறார், பீமாராவ். அந்தம்மாவும் நிறுத்துறாங்க. ஆனா நிறுத்துனது நமக்குத் தெரியுறதில்லை. ரெண்டுல எது உசத்தி, நீங்களே சொல்லுங்க."

எப்போதும் அந்தம்மா கட்சியான ராமதாஸ் கையைத் தட்டினார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதுக்காக என்கூடச் சண்டை போட்ட பொம்பளையா இது? எங்கேர்ந்து வந்துச்சு இந்த ஞானம்?"

"கேக்கக் கேக்கத் தோணுச்சு."

பாண்டிமீனாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். தன் சொல் அந்தக் கூடத்தில் அவ்வளவு நிமிர்ந்து நிற்பதைக் கண்ட சந்தோஷம். அது ஒரு மூச்சுக்குமேல் நிலைக்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. தியேட்டரில் டாக்டர் கையை நீட்டுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். வேண்டியது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துவிடும். கேட்காமலே கொடுப்பதுதான் நல்ல நர்ஸுக்கு அடையாளம் என்று அவளும் பெருமைப்பட்டிருக்கிறாள். அப்படித்தான் இதுவும் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற நினைப்பே இல்லை.

"சிஸ்டர் என்ன சொல்றாங்க?" பீமாராவ் அவள் பக்கம் திரும்பினார். "மேடம் சொன்னா சரிதானா? ஆமான்னா தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்."

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. ஆனால் அவளுக்குத் தன் நிலைமை தெளிவாகத் தெரிந்தது. இப்போது தன் மனத்தில் உள்ளதைச் சொன்னால் டாக்டருக்கு ஆமாம் போட்டவள். மாற்றிச் சொன்னால் பொய். பேசாமல் இருந்தால் காபி குடிக்க வந்தவள்.

"பெரியவரை இன்னொருக்கா போடுறீங்களா சார்?" என்று கேட்டாள். நேரம் கிடைக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

ராமதாஸ் போட்டார். சொல்லிப் பார்க்க இப்போது அவளிடம் வாக்கியம் எதுவும் இல்லை. மனம் காலியாகக் கிடந்தது. அதனால் இசை உள்ளே வந்தது.

பெரியவர் நிறுத்தும் இடம் வந்தது. அவர் நிறுத்தினார். வழக்கமாக அங்கே அவளுக்கு ஓர் எரிச்சல் வரும். இன்று வரவில்லை. அடியில் ஏதோ இருந்தது. தடித்த, தாழ்ந்த ஓர் ஒலி, தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே போவதுபோல மெலிந்து மெலிந்து போனது. அது முழுதும் அடங்கிய பிறகே அவருடைய அடுத்த விரல் விழுந்தது. இந்த ஒலியை அவள் இதுவரை கேட்டதில்லை. ஏன் என்பதும் உடனே புரிந்தது. தியேட்டரில் புரையை உறிஞ்சும் மெஷின் ஓயாமல் முனகும், அதற்குமேல் ஏ.சி. இரைச்சல். ஓங்கிய ஒலிகள் தப்பி வரும். தாழ்ந்தவை எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். பதினோரு வருஷமாகப் பெரியவரின் பாதியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

பதிவு முடிந்தது. மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"மேடம் சொன்னது நான் சொன்னது" என்றாள். "திங்கக்கெழம தியேட்டர்ல சொன்னேன். ஆனா அது தப்பு."

பீமாராவ் பக்கம் திரும்பினாள்.

"அவரு நிறுத்தவே இல்ல சார். கீழ ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அது முடியுற வரைக்கும் காத்திருக்காரு. தியேட்டர்ல மெஷின் சத்தத்துல எனக்கு அது கேக்கல. கேக்காமலே அவரைக் கொற சொல்லிட்டேன்."

ராமதாஸ் மனைவியைப் பார்த்து அவர்கள் பாஷையில் தணிவாக ஏதோ கேட்டார். டாக்டர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"ஆமா. இவ சொன்னதுதான். யார் சொன்னதுன்னு நான் சொல்லியிருக்கணும்." முகம் சிவந்திருந்தது. "சொல்லாம விட்டதுகூட எனக்குத் தெரியலை, பாண்டிமீனா. என்னோடதுன்னே நினைச்சுட்டேன்."

நாளைக் காலை ஏழு மணிக்கு இதே முகத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் பாண்டிமீனாவுக்கு வந்தது. எதிர்பார்த்த பயம் வரவில்லை. டாக்டருக்காகக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. பரவாயில்லை மேடம் என்று சொல்ல வாய் வந்தது. பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை, அதனால் சொல்லவில்லை.

"ஆனா ஒண்ணு" என்று டாக்டர் நிமிர்ந்தார். "நீ மாறிட்டேங்கிறதுக்காக நான் மாற மாட்டேன். நான் இந்த ஸ்பீக்கர்லதான் வருஷக்கணக்கா கேக்குறேன். அந்தக் கீழ் ஒலி எனக்குத் தெரியும். அது முடிய அவர் காத்திருக்கறதும் நமக்குக் காட்டத்தான்."

"இல்ல மேடம். அவருக்கு நம்ம நெனப்பே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பீமாராவ் வாய்விட்டுச் சிரித்தார். "சிஸ்டர், நீங்க நம்ம கட்சி!"

"நான் யாரு கட்சியும் இல்ல சார்" என்றாள் பாண்டிமீனா. "அடுத்த தடவை வேற மாதிரி கேட்டாலும் கேக்கும்."

"போடுங்க" என்றார் டாக்டர் கணவரிடம். "அந்த இடத்தை மட்டும் போடுங்க. இதை முடிச்சுட்டுத்தான் காபி."

ராமதாஸ் எழுந்து போனார். பாண்டிமீனா தன் நாற்காலியை இழுத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில், டாக்டரின் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். இசை தொடங்கியது. பீமாராவ் அவள் காதருகே குனிந்து, தன் பழைய வாதம் ஒன்றை எடுத்துவிடப் பார்த்தார்.

"செத்தப் பொறுங்க சார்" என்றாள் அவள். "அந்த எடம் வருது."